தேள்தான் என்றார்கள்

அந்த டியூபை யாரும் தொடக் கூடாது, மேஜையைக்கூட ஆட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் டாக்டர் பெண். தொடாமல் இருப்பது இந்தக் குடும்பத்தால் ஆகிற காரியமா என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம். ஜன்னலோரத்து மேஜையில் மரச் சட்டத்துக்குள் நிற்கிறது அந்தக் கண்ணாடி டியூப், அடியில் கொஞ்சம்போல என் வீட்டுக்காரர் ஆவுடையப்பனின் ரத்தம். இருபது நிமிஷம் அது அப்படியே நிற்க வேண்டும். அப்புறம் சிஸ்டர் வந்து சாய்த்துப் பார்ப்பாள். உறைந்து, சாய்த்தாலும் அசையாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் பாம்பு விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தே தலை நரைத்தவள் நான். உறைந்தால் இவர் பிழைத்தார், நான் தொலைந்தேன், சாகும்வரை இந்த வீட்டில் பொய்க்காரி. உறையாவிட்டால் நான் சொன்னது சரி, கடித்தது பாம்புதான், இவருக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு பரீட்சையை நான் எந்தப் பிள்ளைக்கும் வைத்ததில்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்குத் தோல்விதான், ஆனால் ஒரு தோல்வியில் நான் சரியாக இருப்பேன், அதுதான் என்னை இந்த ஸ்டூலில் உட்காரவிடாமல் செய்கிறது.

எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் இரண்டு பேரும். குற்றாலநாதன் அத்தான், இவருக்கு அண்ணன், அடுத்த வீடு, மின்சார வாரியத்தில் ரிட்டையர் ஆனவர், கருத்து இல்லாத விஷயமே அவருக்கு உலகத்தில் கிடையாது. உலகம்மாள் மதினி, இவருக்கு அக்கா, தம்பி வீட்டுக்கு எப்போது வந்தாலும் அடுப்படிக்குள் நேராகப் போய் மூடியைத் திறந்து பார்க்கிறவள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் நான்தான் இவரைக் கடித்தேன் என்று நினைக்கத் தோன்றும். ஏனென்றால் இவர்கள் பரம்பரையைப் பாம்பு தீண்டாது. எப்போதோ ஒரு தாத்தாவுக்குத் தாத்தா தீயில் மாட்டிக்கொண்ட நாகத்தைத் துண்டில் அள்ளி ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டாராம். உன் வம்சத்தை என் வம்சம் தொடாது என்று அது வாக்குக் கொடுத்ததாம். எந்த மொழியில் கொடுத்தது என்று கல்யாணமான புதிதில் கேட்டுத் தொலைத்தேன், அதற்கு இரண்டு வாரம் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வருஷா வருஷம் ஆயில்யத்தன்று புற்றில் பால் ஊற்றுவார்கள், பாம்பு பால் குடிக்காது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஊரில் வேறு எவன் வீட்டில் யாரைப் பாம்பு கடித்தாலும் இவர்கள் முகத்தில் ஒரு பளபளப்பு வரும், பாவம் அவுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல என்று. சரி, வாக்குக் கொடுத்தது நாகம். விரியனுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? நான் பார்த்தது சுருட்டை விரியன். பார்த்தேனா? பார்த்தேன். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், இவர் மதில் ஓரம் குவிந்திருந்த தென்னை ஓலையை வெறுங்காலோடு மிதித்து வெறுங்கையால் இழுத்துக்கொண்டிருந்தார். கம்பால் தட்டிவிட்டு இழுங்க என்றேன். நான் சொன்னேன் என்பதற்காகவே கம்பை எடுக்க மாட்டார், கம்பு பக்கத்திலேயேதான் சாய்த்து வைத்திருந்தது. அய்யோ என்று காலை உதறினார். ஓலைக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பாக, மேலே வெள்ளை நெளிநெளியாக, சுருண்டு தன்னோடு தானே உரசிக்கொண்டு சரசரவென்று, அப்புறம் மதில் சந்துக்குள் போய்விட்டது. ஒரு சாண்தானா, கூட இருக்குமா. சரசரவென்று கேட்டது பாம்பா, காய்ந்த ஓலையா. காய்ந்த ஓலையும் அப்படித்தானே சத்தம் போடும்.

அந்த நினைப்பில் காலை வைத்தால் வழுக்குகிறது, திரும்பத் திரும்ப அங்கேதான் போய் விழுகிறேன். கண்ணாடி போட்டிருந்தேன். போட்டிருந்தேன், ஆனால் துணி பிழிந்த தண்ணீர் தெறித்திருந்தது. அறுந்த கயிறாகக்கூட இருக்கலாம். கயிறு சந்துக்குள் ஊர்ந்து போகுமா? இல்லை, போனது. நான் பார்த்தேன். இவர் பார்க்கவில்லை, இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார். தேளு தேளு என்று கத்தினார். பாம்புங்க என்றேன். வலியிலும் என்னை முறைக்க அவருக்கு நேரம் இருந்தது. அதற்குள் அத்தான் மதில் மேலே எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமலே, "கடிச்சது தேளுதான், கடுகடுப்பு இருக்கா இல்லயா, தேளுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மதினி ஓடி வந்தாள், கையில் வெங்காயம், இன்னொரு கையில் சுண்ணாம்பு. இந்தக் குடும்பத்துக்கு எது கடித்தாலும் ஒரு வைத்தியம் தயாராக இருக்கும். தேளுக்கு வெங்காயம், குளவிக்குச் சுண்ணாம்பு, பூரானுக்கு வெற்றிலையும் மிளகும், நாய் கடித்தால் மிளகாய்ப் பொடி. அத்தான் வீட்டு நாய் பால்காரரைக் கடித்தபோது அந்த மனுஷனின் கெண்டைக்காலில் இவர்களே மிளகாய்ப் பொடியை அப்பி, ஊசியெல்லாம் வேண்டாம், நம்ம நாயி சுத்தமான நாயி என்று அனுப்பிவைத்தார்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவு கழுவு என்று நான் கத்தினேன், அந்த ஆள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் ஊசி போடவைத்தேன். அதற்கு நன்றி வேறு சொன்னார், அத்தானுக்கு.

அப்புறம் அந்த இலை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கொல்லையில் மதினியே கொண்டுவந்து நட்டது சிறியாநங்கை, அது இருந்தால் பாம்பு அண்டாதாம். அதன் காலடியில்தான் ஓலைக் குவியலே கிடந்தது, அதைச் சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். பாம்பு கடித்தவன் வாயில் அந்த இலை இனிக்குமாம், கசந்தால் விஷம் இல்லையாம். மதினி ஒரு கொத்து உருவி இவர் வாயில் திணித்தாள், அக்காளும் அண்ணனும் இவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பரீட்சை ரிசல்ட் மாதிரி. "கசக்குதா?" "கசக்குதுக்கா." "நல்லா மென்னு சொல்லு." "குடலே வெளிய வருதுக்கா, அப்பிடிக் கசக்குது." அத்தான் என் பக்கம் திரும்பி, "பாத்தியா தாயி, பாம்புன்னா இனிச்சிருக்கும்" என்றார். இவர் இலையை மென்றுகொண்டே, காலில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதே, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்குத் தெரிந்த சிரிப்பு அது. குளவி கொட்டி என் உதடு வீங்கிப்போய்ப் பேச்சே வராமல் கிடந்த அன்று, வீட்டுக்கு வந்தவர்களிடம், இன்னைக்குத்தான் வீடு அமைதியா இருக்கு என்று சொல்லி இதே சிரிப்பைச் சிரித்தார். தொண்டை வீங்கி மூச்சு அடைத்தால் ஆள் போய்விடும் என்று எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. நானே தனியாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் குறட்டை. நாக்கு எப்படி ஐயா விஷத்தைக் கண்டுபிடிக்கும்? கசப்பு கசப்புதான், சாகப்போகிறவனுக்கும் கசக்கும். கடித்த இடத்துக்கு மேலே கயிற்றைக் கட்டி இறுக்கினார் அத்தான், நான் அவிழ்த்தேன், மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்த்தேன். இப்படிக் கட்டினால் கால் அழுகும், விஷம் நிற்காது, ஆடாமல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் மருத்துவம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு பயல் பரீட்சையில், பாம்பு கடித்தவரை ஓடவிடக் கூடாது, பாம்பையும் ஓடவிடக் கூடாது என்று எழுதியிருந்தான். அந்தப் பயல் எவ்வளவோ மேல்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததுகூட எனக்காக இல்லை. கணுக்கால் வீங்கியதும், தேளு ஊசின்னு ஒண்ணு போடுவாவ, போட்டுட்டு வந்துருவோம் என்று அத்தான் அனுமதி கொடுத்த பிறகுதான் ஆட்டோ வந்தது. ஆட்டோவில் மதினி என் காதில், "அங்க போயி பாம்பு கீம்புன்னு வாயத் திறந்துராத, ஊருக்குள்ள நம்ம பேரு என்னாவறது" என்றாள். தம்பி உயிர் அவளுக்கு இரண்டாவது. டாக்டர் பெண் சின்ன வயசு, பேச்சு வடக்கத்திப் பக்கம், கண்ணில் தூக்கம். என்ன கடிச்சதுன்னு பார்த்தீங்களா என்று கேட்டாள். "தேளு" என்றார்கள் மூன்று பேரும், அண்ணன் தம்பி அக்கா, கோவில் பஜனை மாதிரி ஒரே குரலில். அவள் எழுதப் போனாள். அப்போது வாயைத் திறந்தேன். "பாம்பு டாக்டர். சுருட்டை விரியன். நான் பார்த்தேன்." அவள் பேனா நின்றது. இவர் படுத்திருந்தபடியே தலையைத் தூக்கி, "டாக்டரு, இவ டீச்சரு. எதப் பாத்தாலும் பாடம் எடுப்பா. இவ சொல்லுதத எழுதாதீங்க" என்றார். உயிர் போகிற நேரத்தில்கூட என்னை விட்டுக்கொடுக்க அவருக்கு அவ்வளவு ஆசை. அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்தாள், இவர் காலை ஒரு தடவை பார்த்தாள். "அவங்க பார்த்தேன்னு சொல்றாங்க இல்ல, ஒரு டெஸ்ட் பண்ணிடலாம். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்" என்று சிரிஞ்சை எடுத்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு ஒரு பயமும் வந்தது. நான் தப்பாகப் பார்த்திருந்தால்?

இப்போது அந்தக் காலைப் பார்க்கிறேன். இந்தக் காலை எனக்கு நன்றாகத் தெரியும், குதிகால் வெடிப்பு, கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது, வெளியே போய்விட்டு வந்து கழுவாமல் கட்டிலில் ஏறுகிற கால். சிஸ்டர் வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள், வீக்கம் கோட்டைத் தாண்டினால் சொல்லச் சொல்லி. தாண்டியிருக்கிறதா? கொஞ்சம். இல்லை, அவர் காலை அசைத்ததால் அப்படித் தெரிகிறதோ என்னவோ. வீங்கிய தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. கடித்த இடத்தில் பொட்டுப் பொட்டாக இரண்டு, அதிலிருந்து ரத்தம் இன்னும் கசிந்துகொண்டே இருக்கிறது. துடைத்தால் மறுபடியும். டியூபைப் பார்த்து என்ன, பதில் இங்கேயே ஓடுகிறதே என்று தோன்றுகிறது, உடனே வேண்டாம் வேண்டாம் என்று ஒரு குரல், எதற்கு வேண்டாம் என்கிறது, எனக்கே தெரியவில்லை. நான் எதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும்? உறைய வேண்டும் என்றா? உறைந்தால் இவர் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஆட்டோக்காரனிடம் ஆரம்பிப்பார், எங்க வீட்டம்மா பாம்புன்னு சொல்லி ஆஸ்பத்திரியவே கலக்கிட்டா. கல்யாண வீட்டில் சொல்வார், துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில் சொல்வார். மகளுக்குப் போன் போட்டுச் சொல்வார், கோயம்புத்தூரிலிருந்து அவளும் சிரிப்பாள், அவளுக்கு அப்பா சொன்னால் எல்லாம் வேடிக்கை. உறையக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவா? ச்சீ. என்ன மனுஷி நான். ஆனால் அந்த ஆசை இருக்கிறது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவை, இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, இவர்கள் மூன்று பேரும் வாயடைத்து என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அதற்கு விலை இவர் ரத்தம் என்றால்கூட ஒரு நொடி, ஒரு நொடிதான், பரவாயில்லை என்று மனசு சொல்கிறது. உடனே பயந்து பின்வாங்குகிறது. பயந்து பின்வாங்கி, இவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கிறது. அமைதியாக இருக்கும். கட்டில் சுத்தமாக இருக்கும். மதினி அடுப்படிக்குள் நுழைந்தால் வெளியே போ என்று சொல்லலாம். என்ன நினைப்பு இது. இவர் இன்னும் இங்கேதான் படுத்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு, வாயோரத்தில் இலைச்சாறு காய்ந்துபோய்.

அத்தான் எழுந்தார். எழுந்து சோம்பல் முறித்தார், ஜன்னல் பக்கம் நடந்தார், எனக்குத் தெரிந்துவிட்டது. "இதென்ன, நின்னுக்கிட்டே இருக்கு. உறைஞ்சாச்சான்னு லேசாச் சாச்சுப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது" என்று கையை நீட்டினார். எனக்கு எப்படி அந்த வேகம் வந்தது என்று தெரியவில்லை. மூட்டுவலிக்காரி, ஸ்டூலிலிருந்து எழுந்து, மேஜைக்கு முன்னால் போய், அந்தக் கையின் மேலே ஓங்கி ஓர் அடி வைத்தேன். பட்டென்று சத்தம் கேட்டது. அடுத்த கட்டிலில் நாய்க்கடி ஊசிக்கு வந்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். புருஷனின் அண்ணன் கையை அடித்தவள் எங்கள் பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறாளா, நான் கேள்விப்பட்டதில்லை. அவர் எதிரில் நாற்காலியில் நான் உட்கார்ந்ததுகூடக் கிடையாது. அவர் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, "அடிச்சிட்டா" என்றார், யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அது ஆடினா டெஸ்ட் கெட்டுரும் அத்தான். தொடக் கூடாதுன்னு சொன்னாங்கல்லா. ஒரு தடவையாவது சொன்னதக் கேளுங்களேன்" என்றேன். குரல் உச்சத்துக்குப் போய்விட்டது. டியூப் அசையவில்லை. நான் டியூபை மறைத்து நின்றுகொண்டேன், கையை இரண்டு பக்கமும் விரித்து, கோழிக்குஞ்சுகளைக் காக்கிற மாதிரி. நானே நினைத்துப் பார்த்தேன், எதைக் காக்கிறேன் இப்படி? இவர் உயிரையா, என் பேச்சையா?

அப்போதுதான் மதினி ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஆரம்பித்தாள், அழுகையை அவள் கைக்குட்டை மாதிரி எப்போதும் இடுப்பில் வைத்திருப்பவள். "பாம்புதான்னு ஒத்தக் கால்ல நிக்கியே, அப்ப நான் ஒண்ணு கேக்கேன். எங்க வம்சத்த இத்தன காலம் தொடாதது இன்னைக்கு எதுக்குத் தொட்டுச்சு? வீட்டுக்குள்ள என்ன தீட்டு வந்துச்சு? புத்துக்குப் பால் ஊத்தும்போது மொகத்தச் சுளிச்சவ யாரு?" ஆக, உறையாவிட்டாலும் நான்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. பாம்பு இல்லை என்றால் நான் பொய் சொன்னேன், பாம்பு என்றால் நான் அனுப்பினேன். இப்படிப்பட்ட ஆட்களோடு எதற்காகப் பேச வேண்டும், இவர்களுக்கு எதைச் சொல்லி என்ன. சுருட்டை விரியனுக்குத் தீட்டு தெரியாது மதினி, அதுக்கு மிதிச்சாக் கோவம் வரும், அவ்வளவுதான் என்றேன். "பாரு, எப்பிடிப் பேசுதான்னு பாரு" என்று அவள் தம்பியைப் பார்த்து அழுதாள். இவர் கண்ணைத் திறக்கவில்லை. தண்ணி என்றார். தண்ணீர் கொடுக்கலாமா என்று எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை, எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தது நினைவு வரவில்லை. துண்டை நனைத்து உதட்டைத் துடைத்தேன். துண்டில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. இலைச்சாறு பச்சையாகத்தானே இருக்கும். துண்டை மடித்தேன், கறை உள்ளே போகும்படி மடித்து மடியில் வைத்துக்கொண்டேன், யாரும் பார்க்கக் கூடாது என்று. ஏன் மறைத்தேன்? நான் ஜெயித்ததற்கு அது சாட்சி. அதைத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டியவள் நான். "கொஞ்சம் வாயத் தொறங்க" என்றேன். திறந்தார். பல் ஈறு ஓரம் எல்லாம் ரத்தம் கசிந்து சிவப்புக் கோடு போட்டிருந்தது. மூடுங்க என்றேன். நான் பார்த்தது ஓலையில்லை, கயிறில்லை. கண்ணாடியில் தண்ணீர் தெறித்திருந்தால் என்ன, நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, அதை இவர்கள் முன்னால் அழ மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சிஸ்டரைக் கூப்பிடலாமா, நேரம் ஆகவில்லையே, ஆனால் ஈறு, ஆனால் டியூபைப் பார்த்துவிட்டுத்தான், வேண்டாம், கூப்பிடு. "சிஸ்டர்!" என்று கத்தினேன்.

அவள் வந்தாள், பின்னாலேயே டாக்டர் பெண்ணும். ஈறைக் காட்டினேன். டாக்டர் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரமும் ஆயிடுச்சு என்றாள். நான் மேஜையை விட்டு விலகினேன். சிஸ்டர் டியூபைச் சட்டத்திலிருந்து எடுத்தாள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சாய்த்தாள். ரத்தம் சாய்ந்தது. இன்னும் சாய்த்தாள். கண்ணாடியின் ஓரமாக வாய் வரைக்கும் ஓடிவந்தது, ஒரு துளிகூட எங்கேயும் ஒட்டவில்லை. "பாத்தீங்களா!" என்றேன். சத்தமாகச் சொன்னேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இதை வேறு எந்த வார்த்தையால் சொல்வது, சந்தோஷமாக இருந்தது, உடம்பெல்லாம் லேசாகி, நான் அத்தானைப் பார்த்தேன், மதினியைப் பார்த்தேன், இரண்டு பேர் வாயும் திறந்தபடி நின்றது, நான் ஆசைப்பட்டபடியே. அப்புறம் இவரைப் பார்த்தேன். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் இருந்ததை முழுக்கப் பார்த்துவிட்டார். டியூபில் ஓடினது யாருடைய ரத்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓடினார்கள். குப்பி குப்பியாக மருந்து வந்தது, கரைத்தார்கள், பாட்டிலில் ஏற்றித் தொங்கவிட்டார்கள். இந்த மருந்தே சில பேருக்கு ஒத்துக்காதும்மா, அரிப்பு, குளிர், மூச்சு முட்டல் எது வந்தாலும் உடனே கூப்பிடணும், நீங்க பக்கத்திலேயே இருங்க என்றாள் டாக்டர் பெண். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். சரி டாக்டர் என்றேன். அத்தான் வெளியே வராந்தாவுக்குப் போனார். மதினி தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர்களைத் திட்டுவதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது, ஆனால் அவர்களைப் பார்க்கவே எனக்கு நேரமில்லை, பாட்டிலில் சொட்டு விழுவதையும் இவர் மார்பு ஏறி இறங்குவதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. இந்த மனுஷன் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று பயமாக இருந்தது. "ஏட்டி" என்றார். குனிந்தேன். அக்காளைக் கூப்பிடவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை. பயந்துபோன கண், எனக்கு அந்தக் கண்ணைத் தெரியாது. "நான் பொழச்சுக்கிடுவனா?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். எந்தப் பாம்புக்கு எந்த விஷம், எது ரத்தத்தைக் கெடுக்கும், எது நரம்பைக் கெடுக்கும், எல்லாம் வரிசையாக வந்து நின்றது, அவர் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை. மருந்து நேரத்துக்கு ஏறுகிறதா, சீக்கிரம் வந்தோமா, அந்த இலைக்கும் கயிற்றுக்கும் விட்ட நேரம் எவ்வளவு, யாருக்குத் தெரியும். "தெரியலையேங்க" என்றேன்.

"சும்மாவாது சொல்லுட்டி" என்று என் கையைப் பிடித்தார்.

"பொழச்சுக்கிடுவீக" என்றேன், ஒன்றுமே தெரியாமல்.